தாளாளர் அழுத்திய விசை

எண்பதுகளின் இறுதியில், வாடிப்பட்டிப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவில் சொற்பொழிவாற்றச் சென்றபோது அந்தக் கணிப்பொறி ஆசிரியரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், பேசும்போதும் அவர் விரல்கள் தொடைமீது தட்டச்சு செய்துகொண்டேயிருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணிப்பொறியை நெருங்கினாலே “டோன்ட் டச்!” என்று தாளாளர் பிரம்பை ஓங்குவாராம்.

அன்று மேடையில், சிறப்பு விருந்தினர்கள் நாங்கள் பார்த்திருக்க, தாளாளர் பெருமிதத்தோடு அங்கு வைத்திருந்த கணிப்பொறியின் ஒரு விசையை அழுத்தினார். திரை முழுவதும் “டோன்ட் டச்” என்றே வரிவரியாக ஓடியது. பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள்.

“வேலை போயிருமே, சார்?” என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

“போகட்டும் தம்பி. அவருக்குத் தெரியாம கத்துக்குடுத்தேன். அந்த புரோகிராம் அம்புட்டையும் அடிச்சது என் பிள்ளைகதான்!”

மேடை வாதங்களில் எதிராளியை அவர் சொல்லாலேயே வீழ்த்தப் பயின்றவன் நான். அத்தனை முழுமையாக எவரையும் இன்றுவரை வீழ்த்தியதில்லை.