சும்மா போட்டுப் பார்த்தது

கமாண்டை அடித்து முடித்ததும் ஜாஹிரா பீவி என்டரைத் தொடுவதில்லை. இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, கறுப்புத் திரையில் தான் அடித்த ஒற்றை வரியைச் சண்டைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். "இவன் வந்தா கூட யார் யாரைக் கூட்டிட்டு வருவான்?" என்று கேட்கிறார். அறையில் யாரும் இல்லாவிட்டாலும் கேட்கிறார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தின் மாடியறை அது. சிறுநீரகம் பழுதானவர்கள் கீழ்த்தளத்துக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார்கள். யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்பதை அவரவர் போனுக்குச் செய்தியாக அனுப்புவது மாடியிலிருக்கும் சர்வர். சர்வரைப் பார்த்துக்கொள்வது ஜாஹிரா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சாரல் காலத்தில் சாப்பிட எழுந்தால் கீபோர்டுக்குத் துண்டு போர்த்திவிட்டுத்தான் போவார். தன் தலைக்குக் குடை எடுக்க மறந்துவிடுவார்.

சர்வரில் புதிதாக ஒரு வசதி வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தானே எழுதவேண்டியதில்லை. எங்கோ யாரோ எழுதிவைத்த பேக்கேஜை ஒரு வரி கமாண்டில் இறக்கிக்கொள்ளலாம். அது தனக்குத் துணையாக வேண்டிய மற்ற பேக்கேஜ்களையும் தானே இழுத்து வரும். இதற்கு ஜாஹிரா சொல்லும் விளக்கம் இந்த ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். "சீசனுக்குக் குளிக்க வாற சொந்தக்காரன் மாதிரிதான். ஒருத்தன்தான் வாறேன்னு போன் பண்ணுவான். வேன்ல வந்து இறங்குவான். அதுல ஒருத்தன் நம்ம வாப்பாவை எழுப்பிவிட்டுட்டு அவர் கட்டில்ல படுத்துக்கிடுவான்."

அதனால் எந்தப் பேக்கேஜையும் முதலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, அது யாரை எழுப்பிவிடுகிறது என்று பார்க்கிறார். பிறகுதான் சர்வருக்கு. வேலை நகரவில்லை என்று மையத்தில் எல்லோருக்கும் குறை. கேட்டால் குரலைத் தாழ்த்திப் பதில் சொல்வார். அவருடைய கோபம் ஏறுவதன் அடையாளம் அது. இந்தக் கோபத்தை ஒரு நற்குணம் என்று, மையத்தில் கணக்கு எழுதும் நான் எண்ணியதில்லை. தன்னைத் தவிர யாருக்கும் அக்கறை இல்லை என்ற முடிவு அதில் கலந்திருக்கிறது. அந்த முடிவு சில சமயம் அநியாயமானது.

ஆனால் அந்த ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை அது அநியாயமாக இல்லை.

மையத்தின் செயலாளர் குத்தாலிங்கத்தின் அக்கா மகன் சுபாஷ். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். நன்கொடையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து படத்தோடு போகவேண்டும் என்பது மாமாவின் ஆசை. செங்கோட்டையில் ஒரு நிக்காஹுக்குப் போன ஜாஹிரா, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பாஸ்வேர்டைச் சுபாஷிடம் கொடுத்துவிட்டுப் போனார். புதன்கிழமை மத்தியானம் சுபாஷ் சர்வரிலேயே நேரடியாக ஒரு பேக்கேஜை இறக்கினார். படம் அழகாக வந்தது. கூட வந்த ஒன்று, செய்தி அனுப்பும் பழைய பேக்கேஜைத் தள்ளிவிட்டுத் சர்வருக்கு ஒத்துவராத அதன் புது வெர்ஷனைக் கிடத்தியது. அந்த நிமிடத்திலிருந்து ஒரு நோயாளிக்கும் செய்தி போகவில்லை. செய்தி நின்றால் சத்தம் போட்டுச் சொல்லும் ஏற்பாட்டை ஜாஹிராவும் செய்துவைக்கவில்லை. அதைப் பிறகு அவரே சொன்னார், யாரும் கேட்காமலே.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே ஒரு மெஷின் பழுதானது. சுந்தரபாண்டியபுரத்து வேல்சாமியின் வெள்ளிக்கிழமை முறையை வியாழனுக்கு மாற்றினார்கள். செய்திதான் போய்விடுமே என்று யாரும் அவரை போனில் கூப்பிடவில்லை. வியாழனன்று அவர் வராததால் அடுத்தவரை ஏற்றினார்கள். வெள்ளி காலை வேல்சாமி வழக்கம்போல் பஸ் பிடித்து வந்து இறங்கினார். அவருக்கு மெஷின் இல்லை. யாராவது முடித்து எழும்வரை பெஞ்சில் உட்காரவேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முந்தைய இரவு முழுதும் உட்கார்ந்தே இருந்தவர் அவர்.

நிக்காஹ் முடிந்து அன்று காலை திரும்பியிருந்த ஜாஹிரா, விஷயம் தெரிந்து மாடிக்கு வந்ததும் முதலில் சர்வரைத் தொடவில்லை. அடுத்த இரண்டு நாளுக்கு முறை உள்ள ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு நாளைச் சொன்னார். அதன் பிறகே புதியதை நீக்கி, பழைய வெர்ஷனை அதன் எண்ணோடு அடித்து, மடியில் கைவைத்துப் பார்த்து, என்டர் தட்டினார். செய்திகள் போகத் தொடங்கின.

பின்னால் நின்ற சுபாஷுக்கு மூச்சு வந்தது. "சும்மா போட்டுப் பாத்தேன்க்கா. இப்பதான் சரியாயிட்டுல்லா" என்றார்.

"யாருக்குச் சரியாயிட்டு?"

சுபாஷ் திரையில் ஓடும் செய்திகளைக் காட்டினார்.

"உன் கம்பெனி சர்வர்ல சும்மா போட்டுப் பாப்பியா?" ஜாஹிராவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவு தாழ்ந்துவிட்டது. "மாட்ட. அங்கன சீட்டு கிழிச்சிருவான். இங்கன ஓசிக்கு வாற சனம், யாரு கேக்கப் போறாங்கன்னு தைரியம். கீழ வாலே."

நோக்கம் நல்லதாக இருந்தது என்று சுபாஷ் படிக்கட்டில் சொல்லிக்கொண்டே வந்தார். நாம் ஒருவருக்கொருவர் அந்தச் சலுகையைக் கொடுத்துக்கொள்கிறோம். அதன் செலவை ஏற்பவர் பெரும்பாலும் அந்தப் பேச்சில் இருப்பதில்லை.

வேல்சாமி முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கவேண்டும். சுபாஷைக் கண்டதும், பேச்சுக்கு நடுவே மூச்சைத் தேடிக்கொண்டு, "விடு தாயி. பையன் ஏதோ ஆசைக்குப் பண்ணிட்டான்" என்றார்.

"நீங்க மன்னிக்காதீங்க அண்ணாச்சி" என்றார் ஜாஹிரா. "காலைக் காட்டுங்க."

வேல்சாமி வேட்டியை முழங்கால்வரை ஏற்றினார். உடம்பில் தேங்கிய நீரால் வீங்கி, கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை, தோல் மினுமினுத்தது. ஆண்களுக்குக் கைகொடுக்கும் வழக்கமே இல்லாத ஜாஹிரா, சுபாஷின் மணிக்கட்டைப் பிடித்துக் குனியவைத்து, அவர் கட்டைவிரலை வேல்சாமியின் கணைக்கால் எலும்பின்மேல் வைத்து அழுத்தினார். பிறகு தூக்கினார். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தது. அது மேலே எழும்பும்வரை ஜாஹிரா சுபாஷின் மணிக்கட்டை விடவில்லை.