ட்ரையர் சூடாகவில்லை, உடனே வரவும்

வருஷத்தில் பத்து மாதம் வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், துணி காயவைக்கும் மெஷினை ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவனைக் கண்டால் எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும். செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். என் போன் அடிக்க ஆரம்பிக்கும். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் தாண்டி மறைமலை நகர் வரை என் ஏரியா. டூல் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மணியடிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் ஏரியா மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். சீசன் முடிகிற வரை என் பேரில் ஒரு ரிப்பீட் கால்கூட வராவிட்டால் என்னை கான்ட்ராக்டிலிருந்து பர்மனன்ட் ஆக்க சிபாரிசு செய்வாராம். ரிப்பீட் கால் என்றால், நான் பார்த்து முடித்த வீட்டிலிருந்து மறுபடியும் புகார் வருவது. பர்மனன்ட் என்ற வார்த்தைக்கு இந்த ரோட்டில் இருக்கும் மரியாதை குலதெய்வத்துக்குக்கூடக் கிடையாது. மறைமலை நகரில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா ஜாதகத்தைக் கையில் வாங்கவே இல்லை. அவர் கேட்டது இது ஒன்றுதான்: "ராகு கேது எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாப்ள, நீங்க பர்மனன்டா, கான்ட்ராக்டா?"

மஞ்சள் டேப் குடும்பம்

ஒரகடத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனியில் துணி காயப்போட்டால் கட்டிடத்தின் அழகு கெட்டுவிடும் என்று அசோசியேஷன் தடை போட்டிருப்பதால் வீட்டுக்கு வீடு ட்ரையர். நான் போன வீட்டுக்காரர் கார் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். ஃபேக்டரியில் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டி, லேபிள் வைத்துப் பழகியவர், வீட்டையும் விட்டுவைக்கவில்லை. மிக்சி நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப், செருப்புக்கு ஒரு கட்டம், பூஜை மணிக்கு ஒரு லேபிள். ட்ரையர் ஏன் ஓடவில்லை என்று ஏற்கெனவே ஒரு சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் மின்வாரியத்தின் மேல் மூன்று அம்புக்குறி இருந்தது.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பின்மூடியைக் கழற்றுகிற ஜாதி. மோட்டாரைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், போர்டைப் பார்த்தேன். எல்லாம் குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தன. காபி கொண்டுவந்த அவர் மனைவி, "நீங்க ஸ்டிக்கர் ஒட்டுன அன்னியிலேருந்துதான் இது ஓடல" என்றார். "டேட்டா இல்லாம பேசாத" என்று அவர் அடக்கிவிட்டார்.

கடைசியில் கதவைப் பார்த்தேன். கதவின் கொக்கி போய் உட்காரும் குழியின் மேலேயே 'லாக் பாயின்ட்' என்று தடியாக லேமினேட் செய்த ஒரு லேபிள். கொக்கி உள்ளே போகாமல் கதவு மூடியதாகவே மெஷினுக்குத் தெரியவில்லை. கதவு மூடாமல் எந்த ட்ரையரும் ஓடாது. உரித்து எடுத்தேன், மெஷின் ஓடியது. மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்காரர் மட்டும் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தத்தோடு கேட்டார்: "அப்ப லாக் பாயின்ட் எதுன்னு புதுசா வர்ற ஆளுக்கு எப்படிங்க தெரியும்?"

காக்கா வராத இடம்

வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ட்ரையர் சுற்றுகிறது, சூடு இல்லை. அங்கே தங்கியிருந்தவர் காலையில் சட்டையைப் போட்டதும் தும்ம ஆரம்பித்து, மீட்டிங்கில் பாதியில் எழுந்து வந்துவிட்டாராம். ட்ரையரில் பஞ்சு பிடிக்கும் வலை ஒன்று உண்டு. அதை உருவினேன். பஞ்சுக்குப் பதில் மிளகாய் விதை அடைத்திருந்தது. அதற்கப்புறம் பத்து நிமிஷம் நானும் தும்மினேன்.

சமையற்காரர் ஒளிக்கவில்லை. மழையில் மிளகாய் காயவில்லை, தலையணை உறையில் போட்டுக் கட்டி உள்ளே விட்டால் மொறுமொறுவென்று வருகிறது, மொட்டை மாடி என்றால் காக்காத் தொல்லை வேறு என்றார். வலையைக் கழுவி மாட்டினேன், சூடு வந்தது. மறுபடியும் அடைத்துக்கொண்டால் என் பேரில் ரிப்பீட் கால் விழும் என்பதால் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணே, இன்னொரு வாட்டி இதுல மிளகா போட்டா என் கல்யாணமே நின்னுபோயிடும்" என்றேன். அவர் உண்மையிலேயே இரக்கப்பட்டார். என் தோளில் கை வைத்து, "அய்யய்யோ, மிளகா இனிமே போடவே மாட்டேன் தம்பி" என்றவர், குரலைத் தணித்துக் கேட்டார்: "மல்லி போடலாம்ல?"

எம்-சீல்

வடக்குப்பட்டில் ஒரு வீடு. மாடி முழுக்க ரூம் கட்டி ஃபேக்டரிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டம்மா புகார் கொடுத்திருந்தார்: ட்ரையரில் வெறும் காற்றுதான் வருகிறது. நான் பையை இறக்குவதற்குள் வீட்டுக்காரர் என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, அது ஓட்சின்னா மீட்டர்ல லைட்டு என்னியப் பாத்து கண்ணட்ச்சிக்கினே கீது. நெஞ்சு அடச்சிக்குது எனக்கு. மெஷினு செத்துப்பூட்ச்சின்னு சொல்லிட்டுப் போயேன். வேல முடிஞ்சிதுன்னு நீ கேக்குற கோடு நம்பரு, ஸ்டாரு, இன்னா வேணுமோ தர்றேன்" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால், சூட்டை மாற்றும் நாபை 'வெறும் காற்று' என்ற இடத்தில் வைத்து எம்-சீல் பூசி உறைய வைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி ஓட்டைக்குப் பூசுவதுபோல விரல் தடம் பதியப் பதிய.

நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். செத்துவிட்டது என்று சொன்னால் அந்தம்மா நாளைக்கே மறுபடி புகார் போடும். பிழைத்துவிட்டது என்றால் இந்த மனுஷன் ஒற்றை ஸ்டார் போடுவார். ஸ்டார் போனால் போகட்டும் என்று உளியை வைத்து எம்-சீலைச் செதுக்கினேன். "நாபு கொஞ்சம் இறுகியிருந்துச்சும்மா, அவ்ளோதான்" என்று பூசி மெழுகப் பார்த்தேன். அந்தம்மா கீழே சிதறியிருந்த துண்டுகளைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, புருஷன் காதில் விழும்படி என்னிடம் கேட்டார்: "மெஷினுக்கு ஒண்ணும் இல்லன்னு எனுக்கு அப்பவே தெரியும். இந்தாளுக்குத்தான் ரிப்பேர் கீது, அதுக்குக் கம்ப்ளெய்ன்ட் பண்ண எந்த நம்பருப்பா?"

கேட்டுக்கு வெளியே வைத்தியம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் நடந்தது வேறு.

ட்ரையர் சூடாகவில்லை என்று புகார். ஆனால் ஆம்பளை உள்ளே வரக் கூடாது. "அப்ப மெஷின வெளிய கொண்டு வாங்க மேடம்" என்றேன். அதுவும் முடியாதாம். வார்டன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வாட்ச்மேன் ஸ்டூலில் நான் உட்கார வேண்டியது, என் டூல் பை உள்ளே போகும், வீடியோ காலில் நான் சொல்லச் சொல்ல ஒரு பெண் செய்யும். செல்வி என்று ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். தென்காசிப் பக்கம். ஸ்க்ரூ கழற்றத் தெரியுமா என்று பந்தாவாகக் கேட்டேன். "ஃபேக்டரி லைன்ல நாள் பூரா இதத்தானண்ணே பண்ணுதேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்மூடி கழன்றுவிட்டது.

வேலை நடக்கும்போதே விஷயத்தைச் சொன்னாள். யூனிபார்ம் ஆளுக்கு இரண்டு செட்தான். மழையில் எதுவும் காய்வதில்லை. ஈரத்தோடு போனால் லைனில் நிற்கவிடாமல் திருப்பி அனுப்பி ஆப்சென்ட் போடுகிறார்கள். இவளுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் கான்ட்ராக்டர் பேரை எடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார். பர்மனன்ட் பர்மனன்ட் என்று நான் அடித்துக்கொள்கிறேன், இவளுக்கு கான்ட்ராக்டே ஒரு சட்டை ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோளாறு சுலபமாகத் தெரிந்துவிட்டது. அளவுக்கு மேல் சூடானால் தானாக அறுந்துபோகும் ஒரு சின்ன பியூஸ் உண்டு. அது போயிருந்தது. புதிது மாட்டியாயிற்று. ஆனால் அது சும்மா போகாதே என்று, ஈரக் காற்று வெளியே போகும் பைப்பைக் காட்டச் சொன்னேன். பைப் ஜன்னல் வரைக்கும் போய், அங்கே ஸ்க்ரூ போட்டு மூடியிருந்த பிளைவுட் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு எதிரே ஆண்கள் ஹாஸ்டலாம். சூடு வெளியே போகாமல் மெஷினுக்குள்ளேயே புழுங்கியிருக்கிறது. "காத்து வெளிய போயே ஆகணும் மேடம்" என்றேன். வார்டன் அம்மா சாவிக்கொத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இங்கேருந்து எதுவும் வெளிய போகக் கூடாது தம்பி, அதுக்குத்தான் என்னைய சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்க."

நேராக முறுக்குவது

பலகை இருக்கிற வரை புது பியூஸும் ஒரு வாரம் தாங்காது. ரிப்பீட் கால் நிச்சயம். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு, தெரிந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பியூஸைத் தூக்கிவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிட்டால் மெஷின் நிற்கவே நிற்காது. என் பேரும் கெடாது, இந்தப் பெண்களின் துணியும் காயும். செல்விக்கே அது தோன்றிவிட்டது. "அண்ணே, இத எடுத்துட்டு நேரா முறுக்கிரட்டா? லைன்ல சென்சாரு மக்கர் பண்ணுனா அப்பிடித்தான் ஓட்டுதாங்க" என்றாள்.

வாயைத் திறந்து சரி என்று சொல்லப் போனேன், அது உண்மை. அப்போது அவள் கையிலிருந்த போன் கொஞ்சம் திரும்பியது. மெஷினை ஒட்டியே அடுக்குக் கட்டில்கள், அதில் மூன்று பெண்கள் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் கம்பியெல்லாம் ஈர யூனிபார்ம். மெஷினுக்குள் பஞ்சு, ஜன்னலில் பலகை, கேட்டில் பூட்டு. சூடு ஏறினால் நிறுத்த பியூஸும் இருக்காது. நான் ஏதோ உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் அதையும் ரிப்பீட் கால் என்றுதான் எழுதுவார்கள்.

"முறுக்காதம்மா" என்று கத்தினேன். பிறகு வார்டன் அம்மாவிடம், அந்தப் பலகையை எடுக்காவிட்டால் மெஷினை ஓட்ட விடமாட்டேன், ஒருநாள் உள்ளே எல்லாரும் கருகுவார்கள், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். நான் அப்படிக் குரல் உயர்த்தியது எனக்கே புதிது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பலகையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடிக்கச் சம்மதித்தார். நாலு ஸ்க்ரூ, செல்வி கழற்றினாள். மெஷின் ஓடியது, பைப் வழியாகச் சூடான காற்று தெருவைப் பார்த்துப் போனது. அவள் கையை நீட்டி அந்தக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்கு முந்தி இது வெளிய போயிட்டு பாருங்கண்ணே!"

ரிப்பீட் கால்

சீசன் முடியப் போகிற நேரம். என் பேரில் ஒரு புகார்கூட இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தால் புன்னகைக்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் ஹாஸ்டலிலிருந்து கால் பதிவானது. அரக்கப் பரக்க ஓடினேன். கேட்டில் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் வரிசையில் செல்வி நின்றாள், மடிப்புக் கலையாத காய்ந்த யூனிபார்மோடு. மூன்றாவது ஆப்சென்ட் விழவில்லை என்று விரலாட்டிக் காட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

மெஷினுக்கு என்ன என்று வார்டன் அம்மாவைக் கேட்டேன். "மெஷின் நல்லாத்தான் ஓடுது" என்றார். "பின்ன எதுக்கு மேடம் கம்ப்ளெய்ன்ட்?" என்று கிட்டத்தட்ட அழுதேன். அவர் ரொம்ப சீரியஸாகவே பதில் சொன்னார்: "பலகைய எடுத்ததுலேருந்து பொண்ணுங்க சிரிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் போகுது தம்பி, அதை நிறுத்த உங்ககிட்ட எதுனா ஸ்பேர் இருக்கா?"

மேனேஜரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்புச் சத்தத்துக்கு எங்கள் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கவில்லையே என்றும் வாதாடிப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் பேருக்கு நேரே சிவப்பாக ஒன்று. மெஷின் ஓடுகிறதா, ஓடவில்லையா என்று கேட்க அதில் இடமே கிடையாது. பெண்ணின் அப்பா அடுத்த மழை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார், அந்த மட்டில் நல்ல மனுஷன். மேனேஜர்தான் என்மேல் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ரிப்பீட் கால் வரக் கூடாதுன்னுதான சொன்னேன், வேலைய முழுசா முடிக்கச் சொல்லி உன்ன யாருய்யா கேட்டது?"

ட்ரையர் சூடாகாமல் கெட்ட பேர் வாங்கியவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர் உண்டு; அது ஒழுங்காகச் சூடானதால் பர்மனன்ட்டைக் கோட்டை விட்டவன் இந்த ரோட்டில் நான் ஒருவன்தான்.