பின்சீட்டில் நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் அதிகம் பேசாதவர். சிடுமூஞ்சி என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல மனிதர்தான், வாயைத் திறப்பதற்கு மட்டும் யாரிடமோ அனுமதி வாங்க வேண்டியவர்போல நடந்துகொள்வார். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்" என்பார். உப்பு கூடிப்போயிற்றா என்றால் அதற்கும் "ம்". ஒரு "ம்" பாராட்டு, இன்னொன்று புகார். எது எது என்று நான் பிரித்தறிவதற்குள் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அவள் படித்து முடித்து வேலைக்கென்று வெளிநாடு போன பிறகு, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டில் அதிகம் சத்தம் போட்டது ஃப்ரிட்ஜ்தான்.

அப்போதுதான் அவர் அந்த வண்டியை வாங்கினார். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வரும் கோளாறுகளில் இது கொஞ்சம் உயரமானது. அட்வெஞ்சர் பைக் என்கிறார்கள். ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை, நடுத்தரம் என்று ஷோரூமில் சொன்னார்கள். எனக்கு அதில் நடுத்தரமாக எதுவும் தென்படவில்லை. முன்னால் கழுகு மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. மலை ஏறும், ஆறு கடக்கும் என்றார். நாங்கள் கடந்த ஆறெல்லாம் மழை நாளில் அண்டர்பாஸில் தேங்கிய தண்ணீர்தான்.

நான் ஐந்தடி உயரம், அதுவும் செருப்பைச் சேர்த்து. அந்த வண்டியின் பின்சீட் என் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். அவர் இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் இடது காலை மிதியில் வைத்து, அவர் தோளைப் பற்றி எழும்பி, வலது காலை அவருடைய முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவே கொண்டுபோக வேண்டும். ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரிதான், ஆனால் நூலுக்கு மூட்டு வலி கிடையாது. இதை நான் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில், நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பார்க்க, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் பார்க்கச் செய்ய வேண்டியிருந்தது. சிலர் ஜெபிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிலர் பார்த்துவிட்டு ஜெபித்தார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அதற்கு முன்னால் வண்டியை நகர்த்தக் கூடாது. இது நான் போட்ட சட்டம், அவரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

பிறகு ஒரு நாள் இரண்டு ஹெல்மெட்டிலும் இன்டர்காம் என்று ஒன்றைப் பொருத்தினார். காதருகே சின்ன ஸ்பீக்கர், வாயருகே மைக். அன்றைக்கு ஆரம்பித்தது. முதல் நாள் வேறு யாருடைய பேச்சோ குறுக்கே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்த முனையில் ஒரு தியேட்டர் இருந்தது, காலேஜ் நாளில் வகுப்புக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்திருப்பேன் என்கிறது குரல். தனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தட்டில் போட்ட கத்தரிக்காயை எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்ற மனிதர்! வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது வராத பேச்சு, என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடையில்லாமல் வந்தது. இப்போது "ம்" சொல்வது என் வேலையாயிற்று.

இடையிடையே திட்டவும் செய்தேன். பெங்களூரில் வேகத்தடையை ஹம்ப் என்போம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் அவர் சீட்டிலிருந்து லேசாக எழுந்து ஒயிலாகத் தாண்டுவார், என் முதுகெலும்பு அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். நானும் ஹம்ப்புக்கு ஒரு திட்டு என்று கணக்காகக் கொடுத்துவிடுவேன். அவருக்கோ வண்டியைப் பற்றி ஒரே பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "பின்னாடி ஆள் உக்காந்திருக்கறதே தெரியாது, அப்படி ஒரு வண்டி" என்பார். அந்த ஆள் பக்கத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கொஞ்ச மாதத்தில் காலையில் குனிந்து வாசல் பெருக்க முடியாமல் போயிற்று. இனிமேல் ஏறுவதில்லை, நீங்கள் தனியாகப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். முடிவு செய்தேனே ஒழிய, சொல்ல வாய் வரவில்லை. நான் இறங்கிவிட்டால் அந்தக் குரல் எங்கே போகும்? மறுபடி ஃப்ரிட்ஜும் நானும்தானா? இத்தனை வருஷம் கழித்துப் பேச ஆரம்பித்த மனிதரின் வாயை நானே அடைப்பதா? முதுகு ஒன்று சொன்னது, மனசு ஒன்று சொன்னது. கடைசியில் முதுகு ஜெயித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளியில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

என் நாத்தனாருக்கென்று பெட்டிகளில் தேங்காயும் அரிசியும், ரிப்பேர் செய்து வாங்கிய அவளுடைய மிக்ஸியும் ஏற்றியிருந்தோம். என் கைப்பையும் அதனுள் போனும் பின்பெட்டியில். ஓசூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். பங்க்கில் பின்னால் இருப்பவர் இறங்கிவிடுவதுதானே வழக்கம். நானும் கஷ்டப்பட்டு இறங்கி, ஹெல்மெட்டோடு காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கமாகப் போய் நின்றேன். பெட்ரோல் போட்டு முடிந்தது. பின்னால் நிற்கிற ஸ்கூட்டருக்கு வழிவிட முன்னால் போகச் சொல்லி, "முந்தே ஹோகி சார், முந்தே" என்று பங்க்காரர் அவர் தோளில் தட்டினார். இரண்டு தட்டு.

சட்டம் சட்டம்தான். அவர் கிளட்ச்சை விட்டார், கிளம்பிவிட்டார்.

நான் கையைத் தூக்கினேன். அதற்குள் வண்டி ரோட்டில் கலந்துவிட்டது. என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் காதில் அவர் குரல்.

"மேல மெட்ரோ ஓட ஆரம்பிச்சாச்சு. கீழ ரோடு அப்படியேதான் இருக்கு பாரு."

பங்க்கில் நின்றபடி அண்ணாந்து மெட்ரோ பாலத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நில்லுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆள் இருப்பதே தெரியாத வண்டி எவ்வளவு தூரம் ஆளில்லாமல் போகிறது, பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

"ம்" என்றேன்.

அவர் திருப்தியாகத் தொடர்ந்தார். அக்கா இன்றைக்கும் பிரியாணியில் உப்பைக் குறைத்திருப்பாள் என்றார். "ம்". எனக்கு இன்றைக்கு முதுகு தேவலையா என்று கேட்டார். "ம்" என்றேன், உண்மையில் நின்றுகொண்டிருந்ததால் தேவலையாகத்தான் இருந்தது. குரல் கரகரக்க ஆரம்பித்தது. இன்டர்காமுக்கு எட்டும் தூரம் அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. ரொம்ப நாளா வாயிலயே வெச்சிட்டு இருக்கேன். தப்பா எடுத்துக்காத. இனிமே நீ..."

கொர்ரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

என் சிரிப்பெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. இனிமே நான் என்ன? "நில்லுங்க, நான் வண்டியில இல்ல" என்று கத்தினேன். ஹெல்மெட் போட்ட ஒரு குட்டைப் பெண்மணி காற்றைப் பார்த்துக் கத்துவதைப் பங்க்கே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்த பெண் வந்து தன் போனைக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு விழித்தேன். அவர் நம்பர் எனக்குத் தெரியாது. பதினாறாம் வாய்ப்பாடு இன்றும் தலைகீழாகச் சொல்வேன், கட்டின புருஷனின் நம்பர் தெரியாது. ஞாபகம் வந்தது என் அம்மா வீட்டில் எப்போதோ இருந்த லேண்ட்லைன் மட்டும்தான்.

காத்திருந்தேன். வேலையை விடப் போகிறாரா? உடம்புக்கு ஏதாவதா? டாக்டரிடம் போய்விட்டு வந்து என்னிடம் மறைக்கிறாரா? எல்லாவற்றையும் விட, வாயைத் திறந்து ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வந்த மனிதர் அதைத் தேங்காய்ப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டு போகிறாரே என்ற எரிச்சல். கேட்க வேண்டியவள் பங்க்கில் நிற்கிறாள், விளையாட்டுக் காட்டிக்கொண்டு.

எவ்வளவு நேரமோ தெரியாது. காதில் மறுபடி கரகரப்பு. முதலில் மூச்சு கேட்டது, ஓடுகிறவரின் மூச்சு. பூட்ஸ் தரையில் மோதும் சத்தம். நடுவில் உடைந்து உடைந்து, "மாதாவே... மாதாவே..." என்று அவர் குரல். கோயிலில் கூட வாய்விட்டு ஜெபிக்காத மனிதர்.

"நான் பங்க்ல இருக்கேங்க. விழல. நல்லா இருக்கேன்."

அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் நின்றது.

பிறகு அவர் வருவதைப் பார்த்தேன். கனமான ஜாக்கெட்டும் முழங்கால் கவசமுமாக, சர்வீஸ் ரோட்டின் ஓரமாக ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். வந்து காற்றடிக்கும் இடத்துத் திண்டில் பொத்தென்று உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை.

"ஹம்ப் வந்துச்சு, நீ திட்டல" என்றார். "அடுத்தது வந்துச்சு. அப்பவும் திட்டல. கையப் பின்னாடி விட்டுப் பாத்தா நீ இல்ல."

நான் எங்கோ தூக்கியெறியப்பட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். யூ டர்ன் எடுக்க எங்கேயோ போக வேண்டும் என்பதால் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டு, சாக்கடையையும் ரோட்டோரத்தையும் பார்த்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சந்தேகமாக என்னைப் பார்த்து, ஆனால் நீ ம் ம் என்றாயே என்று கேட்டார். அதற்கும் "ம்" என்றேன்.

"என்னவோ சொல்ல வந்தீங்களே. இனிமே நான் என்ன?"

அவர் கை தானாக ஹெல்மெட்டை எடுத்தது. போட்டுக்கொண்டு சொல்லப் போகிறாராம். நான் அதைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இப்படியே சொல்லுங்கள் என்றேன்.

தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். சொன்னார். போன மாதம் ஒரு சிக்னலில் கால் ஊன்றிய இடம் பள்ளமாக இருந்ததாம். வண்டி சாய்ந்ததாம். வலது முழங்கால் அந்த எடையைத் தாங்கவில்லை, எப்படியோ நிமிர்த்திவிட்டார். நான் பின்னால் உட்கார்ந்து யாரோ ஒருவரின் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனாம், கவனிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சிக்னலிலும் பயம்.

"நான் தனியா விழுந்தா விழுந்துட்டுப் போறேன். உன்னக் கீழ போட்டுட்டேன்னா? இனிமே நீ பின்னாடி வர வேணாம்னுதான் சொல்ல வந்தேன். நீ ஆசையா வர்ற. அதான் சொல்ல முடியல."

ஆசையா! நான் என் முதுகைப் பற்றிச் சொன்னேன், காலையில் குனிய முடியாததைச் சொன்னேன், கோயில் வளாகத்து வைபவத்தைச் சொன்னேன், இன்றைக்குத் திரும்பும்போது இதையேதான் சொல்ல இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சிரிக்க, அவரும் சிரித்தார். ஆக, இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பங்க்கில் கிடைத்துவிட்டது. அவர் தனியாக ஓட்டலாம், நான் பஸ்ஸில் வரலாம், ஒருவருக்கும் வருத்தமில்லை.

சிரிப்பு நின்றதும் அவர் கையுறையைக் கழற்றி, மடித்து, மறுபடி பிரித்தார்.

"அப்போ நாம எங்க பேசறது?" என்று கேட்டார்.

இத்தனை நாள் அது எனக்கு மட்டும் இருந்த கவலை என்று நினைத்திருந்தேன்.

"இப்பப் பேசிட்டுதான இருக்கோம்" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஹெல்மெட் என் மடியில் இருந்தது. எதிரே என் முகம். கையும் களவுமாக அகப்பட்டவர்போல விழித்தார். இனி வாயை மூடிக்கொண்டுவிடுவார் என்று பயந்தேன். மூடவில்லை.

வண்டி நின்ற இடம் வரை நடந்தே போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா கேட்டால் பங்ச்சர் என்று சொல்லிவிடு, நடந்தது தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் என்றார். கத்தரிக்காய் எண்ணெயில் வதக்கினால் மட்டும் பரவாயில்லை என்றார். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.