பால் வற்றக் கட்டிய பூ

எனக்கு அவ்வளவு சுலபத்தில் குமட்டாது. மீன்கூடை நெடியடிக்கும் எண்ணூர் பஸ்ஸிலேயே வளர்ந்த மூக்கு இது. நர்சிங் படித்த காலத்தில் மலம், சீழ், நஞ்சுக்கொடி என்று எதை அள்ளிக் கொட்டச் சொன்னாலும் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேராக டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன். வார்டில் எனக்கு வயிற்றைப் புரட்டியது ஒரே ஒரு காலையில்தான். அதற்குக் காரணம் அழுக்கு இல்லை.

கடைசி வருடம் கல்மண்டபம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் எங்களுக்குப் பயிற்சி. பிறந்த குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்து, குரோமோசோம் கோளாறுக்கான அடையாளங்கள் உண்டா என்று கவனிக்கக் கற்றுக்கொண்டிருந்தோம். மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்குத்தண்டு, சின்னக் காது, பிடரியில் தளர்ந்து மடியும் தோல், உள்ளங்கையில் குறுக்காக ஒரே ரேகை, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகலமான இடைவெளி. தூக்கினால் குழந்தை ஈரத்துணி மாதிரி தொய்ந்துவிடும். இதில் ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒற்றை ரேகை எங்கள் வகுப்பிலேயே ஒருத்தியின் கையில் இருந்தது. பல அடையாளங்கள் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். அதுவரை தாயின் காதுபட வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவும் எங்களுக்குப் பாடம். எங்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முந்தின நாள் ஆண்குழந்தை பிறந்திருந்தது. அந்த அடையாளங்கள் எல்லாமே அதனிடம் இருந்தன. வார்டு டாக்டர் எங்களைக் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து, குழந்தையின் துணியை உருவி, மீன் கடையில் செவுளைத் தூக்கிக் காட்டுவதுபோல் கையை விரித்தார், காலை விரித்தார், நாக்கைத் தொட்டுக் காட்டினார். பெற்றவள் படுத்தபடி எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தாள். இதயத்திலும் கோளாறு இருக்குமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த ஆள் நிறுத்தியிருக்கலாம். "இதெல்லாம் தேறாதும்மா. தேறினாலும் சுமைதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வெள்ளைக் கோட்டு போட்ட எருமை. கஞ்சித் தூக்கோடு பக்கத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட குழந்தைகள் பாலை இழுத்துக் குடிக்கத் திணறும். குடிக்கும்போதே தூங்கிவிடும். தாடையைத் தாங்கிப் பிடித்துப் பொறுமையாகக் கொடுத்தால் மெல்ல மெல்லக் குடிக்கும். கொடுக்காவிட்டால் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டுவிடும். மறுநாள் காலை நான் போனபோது அதன் நாக்கு வறண்டிருந்தது. எடை பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. பால் கொடுத்தாயா என்று கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுப்பி உட்காரவைக்கலாம் என்று குனிந்தேன். நைட்டிக்குள்ளிருந்து குப்பென்று மல்லிகை வாசனை அடித்தது.

குழந்தை இறந்து பிறந்தால், பால் கட்டிக்கொண்டு தாய் வேதனைப்படாமல் இருக்க, மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றிவிடும் என்பார்கள். அதே வார்டில் நான் பார்த்திருக்கிறேன், பார்த்து அழுதும் இருக்கிறேன். இங்கே பிள்ளை பக்கத்திலேயே கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

யார் கட்டியது என்று கேட்டேன். நாத்தனாருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"நான்தான் கட்னேன். டாக்டரே தேறாதுன்னு சொல்ட்டாரு. குட்ச்சிப் பயகிட்டா அப்பால அண்ணிக்கு வுட மனசு வராது. இப்பவே நிறுத்திட்டா ரெண்டு பேருக்கும் நல்லது, சிஸ்டர்."

மரியாதையாக சிஸ்டர் என்று வேறு. யூனிஃபார்ம் மட்டும் போட்டிராவிட்டால் அறைந்திருப்பேன். அவளை விட்டுவிட்டுப் பெற்றவளிடம் பேசினேன். டாக்டர் சொன்ன கோளாறே இருந்தாலும் பிள்ளை வளரும், மெதுவாக வளரும், நடக்கும், உன்னை அம்மா என்று கூப்பிடும். இப்போது பால் கொடுக்காவிட்டால்தான் கையை விட்டுப் போய்விடும் என்றேன். அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"எம்புள்ள உசுரோட கீது இல்ல?" என்றாள். என்னைப் பார்த்து அல்ல, நாத்தனாரைப் பார்த்து.

அவளே முடிச்சை அவிழ்த்துப் பூவைத் தரையில் போட்டாள். நான் ஈரத்துணியால் மார்பைத் துடைத்துவிட்டு, குழந்தையின் தாடையை விரலால் தாங்கிக் காட்டினேன். முதலில் பால் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் குனிந்து பூவை எடுத்தாள். குப்பையில் போடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். பாலின் ஈரம் காயாத அந்தச் சரத்தை இரண்டு உதறு உதறி, வீணாகப் போவானேன் என்று சொல்லிக்கொண்டே தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.