எதிர்வீட்டு விசில்

திருப்பதியில் என் விடுதிச் சமையலறைக் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம், அது எந்த வீட்டுச் சத்தம் என்று என் காது தேடுகிறது. கொரோனா ஊரடங்கில் வந்த பழக்கம். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

சித்தூரில் எங்கள் எதிர்வீட்டுக் கமலா அக்கா, படுத்த படுக்கையாக இருந்த தன் தந்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்டார். காலை எட்டு மணிக்குள் அங்கே விசில் கேட்காவிட்டால் யாராவது போய் விசாரிப்பது எங்கள் தெருவின் ஏற்பாடு. ஒருநாள் கேட்கவில்லை. அம்மா போனார், நான் எங்கள் வாசலில் நின்றேன்.

"ரெண்டு நாளா ஜொரம். கிட்ட வராதீங்கக்கா," என்றார் கமலா அக்கா, ஜன்னலுக்குள்ளிருந்து.

"சொல்லாம இருந்துக்கினியா? நைனாவ யாரு பொரட்டிப் படுக்க வெப்பாங்க?"

அதட்டிய அம்மா, முகக்கவசத்தோடு என் தந்தையின் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வெளிய மழ பேஞ்சிக்கினு இருக்குதாம்மா?" என்று பெரியவர் கேட்டது எனக்குக் கேட்டது.

மறுநாளிலிருந்து அந்த ஒரே கோட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, தெருப் பெண்கள் முறைபோட்டு அணிந்தார்கள். பெரியவர் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

பதினைந்தாம் நாள் காலை ஒரு விசில் கேட்டது. அம்மா எங்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடியும் கேட்டது.

"அவதான்," என்றார்.

அந்தக் காதுதான் எனக்கும் வாய்த்திருக்கிறது.