புகை போட்ட புத்தகங்கள்

குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் காடு வெட்டினேன். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் மலேரியாவுக்கும் யானைக்கும் பயந்து முதல் மாரியோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் நின்றேன். கிணறு நானே வெட்டினேன். பாறை வந்த இடத்தில் ஒரு விரல் போனது. கல்வீடு கட்டினேன். பிள்ளையார் கோயில் மடப்பள்ளிக்குக் கூரை போட்டேன். வாசிகசாலைக்கு அத்திவாரம் வெட்டியதும் நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. இத்தனைக்கும் நடுவில் படமும் கீறினேன். முள்ளியவளைக்கு இந்தப் பக்கம் எண்ணெய்ச் சாயத்தால் முதலில் படம் கீறிய கை இது, நாலு விரலோடு.

எனக்குக் குரு என்று ஒருவரும் இல்லை. புத்தகங்கள்தான். நீர்ப்பாசன எஞ்சினியர் மாற்றமாகிப் போன அன்று, அவருடைய பங்களாவின் பின்பக்கத்தில் எரிக்கப் போட்டிருந்த கட்டுகளைக் கண்டேன். வெளிநாட்டுச் சித்திரச் சஞ்சிகைகள். தாள் விரால் மீன் போல வழுக்கியது. ஒவ்வொன்றிலும் நடுவில் நாலைந்து கலர்ப் படங்கள். சமையல்காரன், "உனக்கு என்னத்துக்கு இங்கிலீசு?" என்றான். "அடுப்பு மூட்ட" என்றேன். அப்படிச் சொன்னபடியால்தான் தந்தான்.

எங்கள் பள்ளிக்கூட மாஸ்டரும் படம் கீறுகிறவர், முறையாகப் படித்தவர். படங்களுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அறிய அவரிடம் கொண்டுபோனேன். இங்கிலீசில் வாசித்தார்.

"என்ன கருத்து மாஸ்டர்?"

"அது உமக்கு விளங்காது. நீர் படத்தைப் பாரும்."

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஆறு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டார். தரவே இல்லை.

வன்னியில் தாள் வைத்திருப்பது லேசான காரியமில்லை. நிலத்தில் வைத்தால் கறையான். உயரத்தில் வைத்தால் மாரி ஈரத்தில் அந்த வழுக்குத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். நான் புகையிலைத் தோட்டக்காரனின் மகன். எங்கள் ஊரில் இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டுப் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை போடுவோம். பிறகு பூச்சி கிட்ட வராது. குசினிக்குப் பின்னால் அப்படிச் சின்னக் குடில் ஒன்று கட்டினேன். புத்தகங்களை விரித்துக் கம்புகளில் தொங்கவிட்டு, மாரி தொடங்கமுன்னம் மூன்று நாள் புகை. வருடா வருடம். மனிசி, "எப்ப சுத்திறது? எத்தினை சுருட்டு வரும்?" என்று பகிடி பண்ணுவா. ஒரு தாளைக்கூடக் கறையான் தொடவில்லை. தொட்டதாக ஒருவன் காட்டட்டும்.

ஆனால் படங்களின் நிறம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் தெரிவாகும் ஒரு படம் முல்லைத்தீவுக்குப் போகும் என்றார்கள். சஞ்சிகையில் இருந்த ஒரு துறைமுகப் படத்தைப் பார்த்து ஆறடிப் பலகையில் கீறினேன். ஒரு வருட வேலை. படம் தெரிய வந்த வித்தியாதிகாரி அதற்கு முன்னால் கனநேரம் நின்றார். "நல்ல கை" என்று வாய்விட்டுச் சொன்னார். மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"ஏன் காணும், வானம் தேத்தண்ணி நிறத்தில கிடக்கு?"

"வெள்ளைக்காரன் அப்பிடித்தான் கீறியிருக்கிறான் மாஸ்டர்."

அதற்குத்தான் அவர் காத்திருந்தார். எஞ்சினியர் வீட்டுக் கட்டுகளில் அந்த இதழில் இரண்டு பிரதி இருந்தன. ஒன்று அவர் எடுத்த ஆறில் போயிருந்தது. அதைப் பையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரிய விரித்துப் பிடித்தார். நீலம். சுத்தமான நீலம்.

"வானத்துக்குப் புகை போட்ட முதல் ஆள் இவர்தான் ஐயா. பத்த வைச்சால் நல்ல சுருட்டு."

வித்தியாதிகாரியே வயிறு குலுங்கச் சிரித்தார். என் மனிசி மட்டும் சிரிக்கவில்லை. முல்லைத்தீவுக்கு மாஸ்டரின் படம் போனது. எனக்குச் "சுருட்டு வானம்" என்ற பட்டம் மிஞ்சியது. சந்தையில் மீன் விற்கிறவள்கூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

நான் விடவில்லை. பள்ளிக்கூட லீவு தொடங்குகிற அன்று விடியவே, என் ஆறு புத்தகங்களையும் கேட்டு மாஸ்டரின் குவாட்டர்ஸுக்குப் போனேன். ஊருக்குப் போக உடுத்து நின்றார். மூலையில் இரண்டு தேயிலைப் பெட்டிகள் வெறும் நிலத்தில் இருந்தன. அவர் வாலிப வயதிலிருந்து கீறிய படங்கள் முழுவதும் அவற்றுக்குள்தான். என் ஆறும் அங்கேதான். சீமெந்து வெடிப்பிலிருந்து விரல் மொத்தத்தில் ஒரு மண் கோடு கிளம்பிப் பெட்டியில் ஏறியிருந்தது. ஈரம் காயாத மண். காடு வெட்டியவனுக்கு அது என்னவென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"லீவு முடிய வாரும். இப்ப அவிழ்க்க நேரமில்லை" என்றார். "உம்மிட்டைப் போனா அதுகளும் சுருட்டுத்தானே. இஞ்சை கிடக்கட்டும்."

நான் மண் கோட்டைப் பார்த்தேன். அவரையும் பார்த்தேன்.

"ஓம் மாஸ்டர். பத்திரமாய் வைச்சிருங்கோ."

வீட்டுக்கு வந்து, பெட்டியில் கறையான் ஏறியிருப்பதை மனிசியிடம் சொன்னேன்.

"அவரிட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"இப்ப போய்ச் சொல்லுங்கோ. பஸ் ஏற முன்னம் பிடிக்கலாம்."

"மண்வெட்டி எங்கை?" என்று கேட்டுக்கொண்டு வயலுக்குப் போனேன். அன்றைக்கு அவ எனக்குச் சோறு போடவில்லை.

லீவு முடிந்து மாஸ்டர் வந்த செய்தி கேட்டுப் பார்க்கப் போனேன். பெட்டியைத் தூக்கியிருக்கிறார், அடி நிலத்தோடு நின்றுவிட்டது. உள்ளே முழுக்க மண். சப்பாணி கட்டி நிலத்தில் இருந்து, ஒவ்வொரு கட்டியாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டிக்குள் நகமளவு நீலத் தாள் இருந்தது. அவருடையதா என்னுடையதா, தெரியாது.

"புகை போட்டிருந்தா நிண்டிருக்கும் மாஸ்டர்" என்றேன்.

அவர் அடுத்த கட்டியை எடுத்து உடைத்தார். அதற்குப் பிறகு தூரிகை தொடவே இல்லை. இரண்டு வருடம் கணக்கு மட்டும் படிப்பித்துவிட்டு மாற்றம் கேட்டுப் போனார்.

புகை போட்ட என் புத்தகங்கள் முழுவதும் இன்று வாசிகசாலை அலுமாரியில் நிற்கின்றன. நான்தான் கொடுத்தேன். திறப்பு விழா மலரில் என்ன எழுதியிருக்கிறார்கள்? ஊரின் முதல் சித்திரக்காரர் மாஸ்டராம். அவருடைய படங்கள் விதிவசத்தால் அழிந்தனவாம். அலுமாரியில் உள்ளவை அவர் சேர்த்த சஞ்சிகைகளாம்.

மலர்க் குழுவுக்குச் சொல்கிறேன். அலுமாரியில் தொங்கும் அட்டையைக் கழற்றி, சேர்த்தவனும் காத்தவனும் நான் என்று எழுதுங்கள். முதலில் கீறியவன் நான் என்றும் எழுதுங்கள். விதி என்ற சொல்லை வெட்டுங்கள். அந்த மண் கோட்டைக் கண்டது நான். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தது நான். அந்த இடத்திலும் என் பேரைத்தான் போடவேண்டும்.