எங்கள் குடம்

மைதானத்து ஒலிபெருக்கியில் யாரோ, பிழைக்க வந்தவர்களைப் பந்து ஊரோடு சேர்த்துவிடும் என்கிறார். மழையில் ஊறிய தோல்பந்தின் வாடை மூக்கில் ஏற, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போரின்போது ரங்கூனிலிருந்து நடந்தே தப்பி ராயபுரம் வந்தவர்கள் நாங்கள். ரங்கூனில் பிரம்புப் பந்தைக் காலால் தட்டிப் பழகிய அண்ணன், இங்கே தெரு அணிக்காக வெறுங்காலால் கோல் போட்டான். அணித்தலைவன் அவனைத் தோளில் தூக்கிவந்தான். அதே நேரம் குழாயடியில் அந்தத் தலைவனின் தாய், வரிசையில் அம்மா வைத்திருந்த எங்கள் குடத்தை எட்டி உதைத்தாள்.

"பர்மாக்காரி, கடைசில போய் நில்லு!"

தலைவன் அதைப் பார்த்தான். அண்ணனைச் சுமந்தபடியே தாண்டிப் போனான்.

மறுவாரம் எங்கள் வாசலில் வந்து நின்று அண்ணனைக் கூப்பிட்டான். "மாமு, நாளைக்கு மேட்ச் கீது, வந்துடு."

அம்மா நசுங்கிய குடத்தை அவன் காலடியில் வைத்தாள். "பந்துக்கு அவன் மாமு, தண்ணிக்கு நான் பர்மாக்காரியா?"

ஒலிபெருக்கி இன்னும் முழங்குகிறது. குழாயடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.